பிறவிக் குறையுடையார் உணவும் உடல் எடையும்

மெலிந்த குழந்தையைக் கண்டால் பாலும் முட்டையும் கொடுக்கச் சொல்வதும், பருத்த மனிதரைக் கண்டால் ஒரு வேளை பட்டினி கிடக்கச் சொல்வதும் நம் நாட்டில் எவரும் எவருக்கும் கட்டணமின்றி வழங்கும் வைத்தியமாகும். பெரும்பாலோர்க்கு இவ்வறிவுரையால் பெருந்தீங்கு நேர்வதில்லை. ஆயினும், இவ்விரண்டு அறிவுரைகளுமே நஞ்சாக முடியக்கூடிய உடல்கள் சில உண்டு. பெற்றோர் வழியாகப் பிறவியிலேயே வளர்சிதை மாற்றக் குறைபாடு உடையோரின் உடல்களே அவை. இத்தகையோர் தொகையில் சிலரே எனினும், அவர் பிறந்த இல்லத்தார்க்கு அது நாள்தோறும் அடுப்பங்கரையில் எதிர்ப்படும் பிரச்சினையாகும். அரக்கோணம் வட்டாரத்து நெசவாளரும் உழவரும் இதனை அறிந்திருத்தல் நலம் என்னும் கருத்தால் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

மதகு அடைபட்ட ஏரி

நாம் உண்ணும் பருப்பு, பால், முட்டை, மீன், இறைச்சி, தானியம் ஆகிய அனைத்திலும் புரதம் உள்ளது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் சிறு சிறு பொருள்கள் கோத்து அமைந்த சரம். அவற்றுள் ஒன்று ஃபீனைல் அலனின். உடல் வளர்ச்சிக்கு இது வேண்டும். ஆனால் தேவைக்கு மேற்பட்டதைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதி, டைரோசின் என்னும் வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது. இந்நொதி பிறவியிலேயே குறைந்தோ இல்லாமலோ போகும் நிலைக்கு ஃபீனைல்கீட்டோன்யூரியா என்று பெயர்.

காவேரிப்பாக்கம் ஏரியை அறிந்த நம் உழவர்க்கு இதனை விளக்குதல் எளிது. மதகு அடைபட்டுவிட்டால் ஏரிக்குள் நீர் மட்டம் உயர்ந்து கரையை நெருக்குகிறது. கீழேயுள்ள கழனியோ வறண்டு கிடக்கிறது. அவ்வாறே இக்குறையுடையார் குருதியில் ஃபீனைல் அலனின் தேங்கி மூளையைத் தாக்குகிறது. தோலுக்கும் மயிருக்கும் நிறம் தருவதற்கும் நரம்புகளின் தொழிலுக்கும் வேண்டிய டைரோசின் குறைந்துபோகிறது. பிறக்கும்போது குழந்தை நன்றாகவே இருக்கும். மாதங்கள் செல்லச் செல்ல அறிவு வளர்ச்சி குன்றும், வலிப்பு வரலாம், தோலில் கரப்பான் காணலாம், நிறம் வெளிறலாம், சிறுநீரிலும் வியர்வையிலும் பூஞ்சணம் பிடித்தது போன்ற ஒரு வாடை வீசும். காலம் கடந்தபின் மருத்துவம் செய்தால், கெட்ட மூளை முற்றும் சீராவதில்லை. பிறந்த சில நாள்களுக்குள் கண்டறிந்து உணவை மாற்றிவிட்டாலோ, அக்குழந்தை மற்றப் பிள்ளைகளைப் போலவே பள்ளி சென்று, தொழில் கற்று, குடும்பம் நடத்தலாம். இவ்வளவு பெரிய வேறுபாட்டை உணவு ஒன்றே செய்யும் நோய்கள் உலகில் மிகச் சிலவே.

கண்டறிந்த வரலாறு

1934ஆம் ஆண்டில் நார்வே நாட்டில் ஒரு தாய், அறிவு குன்றிய தன் இரு குழந்தைகளையும் ஆஸ்பியோர்ன் ஃபோலிங் என்னும் மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். குழந்தைகள்மீது வீசிய விநோத வாடையின் காரணத்தை அறிய வேண்டுமென்று அவள் பல ஆண்டுகளாகப் பல மருத்துவர்களைக் கேட்டு அலைந்தவள். ஃபோலிங் அக்குழந்தைகளின் சிறுநீரில் ஃபெர்ரிக் குளோரைடு கரைசலை விட்டபோது அது பச்சை நிறமாயிற்று. அதன் காரணத்தை ஆராய்ந்து, இந்நோயின் மூலத்தை அவர் வெளியிட்டார். தாயின் ஓயாத கேள்வியே இக்கண்டுபிடிப்புக்கு வித்தாயிற்று.

எனினும் மருத்துவம் பிறப்பதற்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் ஹார்ஸ்ட் பிக்கெல், ஜான் ஜெரார்டு, ஈவ்லின் ஹிக்மன்ஸ் ஆகிய மூவரும் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்கு ஃபீனைல் அலனின் நீக்கப்பட்ட உணவைத் தயாரித்துக் கொடுத்தனர். அம்முயற்சி 1953இல் வெளியிடப்பட்டது. நம் பொருளுக்கு இன்றியமையாத செய்தி ஒன்று அதில் அடங்கியுள்ளது. ஃபீனைல் அலனின் சிறிதும் இல்லாத உணவைத் தொடர்ந்து கொடுத்தபோது முதலில் நோயின் குறிகள் தணிந்தன. ஆனால் குழந்தையின் எடை இறங்கத் தொடங்கிற்று. வளர்ச்சிக்கு வேண்டிய அளவுகூட அப்பொருள் கிட்டாததால், உடல் தன் சொந்தத் தசையையே கரைக்கலாயிற்று. சிறிதளவு பாலைச் சேர்த்த பின்னரே எடை ஏறிற்று. மிகுந்தாலும் கேடு, அறவே இல்லாவிடினும் கேடு என்னும் உண்மை அன்றே புலப்பட்டது.

பின்னர் அமெரிக்க நாட்டின் ராபர்ட் குத்ரி, குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த சில துளிக் குருதியை வடிதாளில் தோய்த்து நோயைக் கண்டறியும் எளிய முறையை அமைத்தார். 1963இல் மாசசூசெட்ஸ் மாகாணம் அச்சோதனையைச் சட்டமாக்கிற்று. இன்று பல நாடுகளில் பிறக்கும் குழந்தை அனைத்துக்கும் இது செய்யப்படுகிறது. ஐரோப்பிய நாடுகளில் ஏறத்தாழ 10,000 குழந்தைகளுக்கு ஒன்று இக்குறையோடு பிறக்கின்றது. நம் நாட்டில் சில மாநிலங்களிலும் சில மருத்துவமனைகளிலும் மட்டுமே பிறந்த குழந்தைகளுக்கு இத்தகைய சோதனைகள் செய்யப்படுகின்றன. நாடு முழுவதும் அனைவர்க்கும் என்னும் ஏற்பாடு இன்னும் அமையவில்லை.

அரிசியும் ஜவ்வரிசியும்

இக்குறையுடையார் உணவைக் கணக்கிடுதல், நூலை நிறுத்துப் பாவு போடுவதினும் நுட்பமான வேலை. பொதுவாக 1 கிராம் புரதத்தில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் ஃபீனைல் அலனின் உண்டு. நன்றாக உண்ணும் ஓர் ஆள் நாளொன்றுக்கு 50 அல்லது 60 கிராம் புரதம் கொள்வதால், 2,500 முதல் 3,000 மில்லிகிராம் வரை அவர் உடலுக்குள் செல்கிறது. கடுமையான குறையுடையாரின் உடலோ 250 முதல் 500 மில்லிகிராம் வரையே தாங்கும். அந்த அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். குருதிச் சோதனையாலன்றி அதனை அறிய இயலாது.

இவ்வளவை நம் வீட்டு உணவோடு வைத்துப் பார்ப்போம். 100 கிராம் அரிசியில் சுமார் 7 கிராம் புரதம். அதாவது 350 மில்லிகிராம் ஃபீனைல் அலனின். ஒரு குவளைப் பாலிலும் ஒரு முட்டையிலும் தனித்தனியே ஏறத்தாழ அதே அளவு. நம் புன்செய் நிலங்களில் விளையும் வேர்க்கடலையில் ஒரு கைப்பிடி, 25 கிராம், உண்டால் 300 மில்லிகிராம். துவரம் பருப்பிலும் அது மிகுதி. ஆகவே ஒரு குவளைப் பால் குடித்த மாத்திரத்தில் ஒரு நாள் பங்கு தீர்ந்துபோகும் நிலையில் உள்ளோர் பலர்.

பின் எதனை உண்பது? இங்கே நம் கூட்டுறவு அன்பர்கள் அறிந்த ஒரு பண்டம் துணைக்கு வருகிறது. மரவள்ளிக் கிழங்கின் மாவிலிருந்து செய்யும் ஜவ்வரிசியில் புரதம் அநேகமாக இல்லை. 100 கிராமில் 0.2 கிராம் அளவே. ஆனால் அரிசி தரும் வெப்ப ஆற்றலை, அதாவது 350 கலோரியை, அதுவும் தருகிறது. சேலம் மாவட்டத்து ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்க்காக 1981இல் பதிவான சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக விற்பனையாகும் இப்பண்டம், மேனாட்டார் பெரும் பொருள் கொடுத்து வாங்கும் புரதம் குறைந்த மாவுகளின் இடத்தை நம் நாட்டில் ஓரளவு நிரப்புகிறது. ஜவ்வரிசிக் கஞ்சி, ஜவ்வரிசி உப்புமா, மரவள்ளி அடை, சுரைக்காய், பூசணிக்காய், வெள்ளரி, பழங்கள், சர்க்கரை, எண்ணெய் ஆகியவற்றைக் கொண்டு பசியாற்றலாம். அளந்து வைத்த சிறிது சோறும் சேர்க்கலாம்.

இவற்றால் பசி தீரும், உடல் வளராது. வளர்ச்சிக்கு வேண்டிய மற்ற அமினோ அமிலங்களை, ஃபீனைல் அலனின் நீக்கிச் செய்த ஒரு தூளாகக் கரைத்து, நாளொன்றுக்கு மூன்று நான்கு வேளையாகப் பகிர்ந்து குடிக்க வேண்டும். இதன் மணமும் சுவையும் பலருக்குப் பிடிப்பதில்லை, விலையும் மிகுதி. எனினும் இதுவே இக்குறையுடையாரின் பாலும் பருப்பும் இறைச்சியும் ஆகும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை முற்றும் நிறுத்த வேண்டியதில்லை. பசும்பாலைக் காட்டிலும் தாய்ப்பாலில் ஃபீனைல் அலனின் குறைவாதலின், மருத்துவர் வகுக்கும் அளவில் அதனைச் சேர்த்துக் கொடுக்கலாம்.

எடை ஏறுவது எவ்வாறு?

மேலே கூறிய உணவை உற்று நோக்கினால் ஓர் இடர் புலப்படும். புரதம் விலக்கப்பட்டமையால் மாவுச்சத்தும் சர்க்கரையும் எண்ணெயுமே தட்டை நிரப்புகின்றன. பிள்ளை பிறர் உண்பதை உண்ண முடியவில்லையே என்னும் இரக்கத்தால் தாயும் பாட்டியும் ஜவ்வரிசி வடாம் பொரித்துக் கொடுப்பர். சர்க்கரைப் பாகு வைத்துக் கொடுப்பர். 'இதில் புரதம் இல்லை, ஆகவே எவ்வளவும் உண்ணலாம்' என்று எண்ணுவர். ஃபீனைல் அலனின் கணக்கில் அது சரி. எடைக் கணக்கில் அது பெரும் பிழை. ஒரு தேக்கரண்டி எண்ணெய் 45 கலோரி தரும். அளவில்லாப் பண்டம் ஒன்று வீட்டில் இருக்கும்போது பசியில்லாமலும் கை அதனை நாடும்.

இக்குறையுடையார் மற்றவர்களைவிடப் பருத்திருக்கின்றனரா என்பதில் பல நாட்டு ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை. சில நாடுகளில் வேறுபாடு காணப்படவில்லை. சிலவற்றில், சிறப்பாகப் பெண்களிடையே, அதிக எடை மிகுதியாகக் காணப்பட்டது. நோய் தானே பருக்கச் செய்கிறது என்பதைவிட, உணவின் அமைப்பும் உடலுழைப்பின் குறைவுமே காரணம் எனக் கருதுதல் பொருந்தும். உயரத்தின் மீட்டர் அளவை அதனாலேயே பெருக்கி, வந்த தொகையால் எடையை வகுத்தால் கிடைக்கும் எண் 23க்கு மேற்பட்டால் அதிக எடை என்று நம் நாட்டார்க்கு அளவு வகுத்துள்ளனர். அவ்வளவு இவர்க்கும் பொருந்தும். நீரிழிவு மலிந்த நம் தமிழ்நாட்டில், ஒரு குறையைக் காக்கப் புகுந்து மற்றொரு நோயை வரவழைத்தல் ஆகாது.

பட்டினி ஏன் ஆகாது?

எடை ஏறிவிட்டது, இறக்க வேண்டும். பிறர் செய்வது போல் இவரும் பட்டினி கிடக்கலாமா? கூடாது. காரணம் கணக்கில் உள்ளது. உண்ணாதபோது உடல் கொழுப்பை மட்டும் எரிப்பதில்லை, தசையையும் கரைக்கிறது. 100 கிராம் தசையில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. அது கரைந்தால் 800 முதல் 1,000 மில்லிகிராம் ஃபீனைல் அலனின் குருதியில் கலக்கும். வாயால் ஒரு பருக்கையும் உண்ணாமலே இரண்டு மூன்று நாள் பங்கு உள்ளிருந்தே பெருகிவிடுகிறது. ஏரிக்கு வெளியிலிருந்து நீர் வராவிடினும் உள்ளேயே ஊற்றெடுத்து நிரம்புவதை இது ஒக்கும். காய்ச்சலில் படுத்து உண்ணாமல் கிடக்கும் நாள்களில் குருதியில் அளவு உயர்வதும் இதனாலேயே.

ஆகையால் ஏகாதசி, சஷ்டி விரதமாயினும், தவக்காலமாயினும், ரமலான் நோன்பாயினும், மருத்துவரைக் கேளாமல் இவர்கள் மேற்கொள்ளலாகாது. இரத்தத்தில் அளவு கூடினால் கவனம் சிதறும், சினம் மிகும், சோர்வும் கலக்கமும் தோன்றும். எடை குறைந்தது என்று மகிழும் வேளையில் மூளை துன்புறும்.

எடை குறைக்கப் பிறர் கையாளும் வேறு இரண்டு வழிகளும் இவர்க்குப் பகையாகும். முதலாவது, சோற்றைக் குறைத்து முட்டையும் இறைச்சியும் பயறும் மிகுதியாக உண்ணும் முறை. இதன் தீமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இரண்டாவது, சர்க்கரைக்கு மாற்றாக விற்கும் இனிப்பு வில்லைகளும் 'சர்க்கரையில்லா' குளிர்பானங்களும். அவற்றுள் பலவற்றில் அஸ்பார்டேம் சேர்க்கப்படுகிறது. அது உடலுக்குள் சென்றதும் ஃபீனைல் அலனினைத் தருகிறது. ஃபீனைல்கீட்டோன்யூரியா உடையோர்க்கு ஏற்றதன்று என்னும் எச்சரிக்கை அப்பண்டங்களின் மேலுறையில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். கண்ணாடி அணிந்தேனும் அதனைப் படித்தல் வேண்டும்.

அவ்வாறாயின் தக்க வழி யாது? அமினோ அமிலத் தூளை ஒரு வேளையும் குறைத்தலாகாது. தசையைக் காப்பது அதுவே. வகுக்கப்பட்ட சோற்றுப் பங்கையும் விடலாகாது. பொரித்தவற்றை விடுத்து வேகவைத்தவற்றைக் கொள்ளல், சர்க்கரைப் பானங்களை நீக்கல், எண்ணெயைக் கரண்டியால் அளத்தல், காய்களை மிகுத்தல், நாள்தோறும் நடத்தல் ஆகியவற்றால் எடையை மெல்ல மெல்ல இறக்க வேண்டும். இடையிடையே குருதியைச் சோதித்து, ஃபீனைல் அலனின் 100 மில்லிலிட்டரில் 2 முதல் 6 மில்லிகிராமுக்குள் நிற்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். வளரும் பிள்ளையாயின் எடையைக் குறைக்க முயலாமல், எடை ஏறாதவாறு நிறுத்தி வைத்தாலே போதும்; உயரம் வளர வளர உடல் தானே அளவுக்கு வந்துவிடும். சாப்ரோப்டெரின் என்னும் மருந்து சிலர்க்கு நொதியின் செயலைத் தூண்டி, உணவுக் கட்டுப்பாட்டைச் சிறிது தளர்த்த உதவுகிறது. அது எல்லார்க்கும் பலிப்பதில்லை.

பெண்மக்கள் செய்தி தனியே குறிப்பிடத்தக்கது. இக்குறையுடைய பெண் கருவுற்றிருக்கும்போது குருதியில் அளவு மிகுந்தால், குழந்தைக்கு அக்குறை இல்லாவிடினும் அதன் மூளையும் இதயமும் பழுதுபடும். ஆகவே கருவுறுவதற்கு முன்பே உணவைச் செம்மைப்படுத்தல் வேண்டும். கருக்காலத்தில் எடை போதிய அளவு ஏறவும் வேண்டும். வாந்தியால் உண்ணாமல் மெலிந்தால் தசை கரைந்து தாய்க்கும் சேய்க்கும் இடர் வரும்.

ஒரு குறைக்குரிய விதி மற்றொன்றுக்கு ஆகாது

பிறவி வளர்சிதைக் குறைபாடுகள் பலவகைப்படும். காலக்டோசீமியா உடைய குழந்தைக்குத் தாய்ப்பாலும் ஆகாது. உடனே நிறுத்தியாக வேண்டும். கிளைக்கோஜன் சேமிப்புக் குறையில் ஒரு வகையினர்க்கு, இரவிலும் சில மணிக்கு ஒருமுறை வேகாத சோள மாவைக் கரைத்துக் கொடுக்க வேண்டும். தவறினால் குருதியில் சர்க்கரை அபாயமாகத் தாழும், மிகையாகக் கொடுத்தால் உடல் பருக்கும். கொழுப்பை எரிக்கும் நொதி இல்லாதார்க்கு நெடு நேரப் பட்டினி உயிரையே வாங்கக்கூடும். ஆதலின் ஒரு வீட்டார்க்கு வகுத்த பத்தியத்தை மற்றொரு வீட்டார் பின்பற்றுதல் தகாது. இத்தகைய ஐயங்களைத் தீர்க்க, வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மரபியல் மருத்துவப் பிரிவு உள்ளது. அரக்கோணத்திலிருந்து காட்பாடிக்கு ரயில் ஏறுவோர்க்கு அது எட்டாத் தொலைவன்று. சென்னை எழும்பூரில் அரசினர் குழந்தைகள் நல மருத்துவமனையும் உள்ளது.

உறவில் மணமும் சங்கத்தின் கடமையும்

இக்குறை யாருடைய பாவத்தின் பயனும் அன்று. தாயின் குற்றமும் அன்று. தந்தையும் தாயும் ஆளுக்கொரு பழுதான மரபணுவைத் தாம் அறியாமலே சுமந்திருந்தால், ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குழந்தைக்குக் குறை நேர்கிறது. தாய்மாமனும் மருமகளும் தம் மரபணுக்களில் நான்கில் ஒரு பங்கையும், அத்தை மகனும் மாமன் மகளும் எட்டில் ஒரு பங்கையும் பொதுவாகக் கொண்டவர்கள். ஆகவே உறவில் மணந்தோர் இருவரும் ஒரே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு மிகுகிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டு மணங்களில் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாதவை உறவில் நிகழ்ந்தவை. நிலமும் தறியும் குடும்பம் விட்டுப் போகாமல் இருக்கும் பொருட்டுச் செய்யும் மணம், பழுதான மரபணுவையும் குடும்பத்துக்குள்ளேயே நிறுத்திவிடுகிறது. உறவு மணமெல்லாம் கேட்டில் முடியும் என்பது பொருளன்று. ஒரு வீட்டில் முன்னமே காரணம் தெரியாமல் குழந்தை இறந்திருந்தாலோ, அறிவு குன்றியிருந்தாலோ, அடுத்த மணத்தைப் பேசுமுன் மரபியல் மருத்துவரைக் கலந்து கொள்ளல் அறிவுடைமை.

பொருட்செலவு குறித்தும் அங்கத்தினர் அறிய வேண்டுவது ஒன்றுண்டு. 2021ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இந்திய அரசு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. சிறப்பு உணவால் காக்கத்தக்க நோய்கள் அதில் இரண்டாம் தொகுதியில் வைக்கப்பட்டுள்ளன. ஃபீனைல்கீட்டோன்யூரியாவும் காலக்டோசீமியாவும் அவற்றுள் அடங்கும். இத்தொகுதியினர்க்கு மாநில அரசுகள் உதவ முன்வரலாம் என்று அக்கொள்கை கூறுகிறது. பின்னர் 2022இல், குறிக்கப்பட்ட உயர்தர மையங்களில் மருத்துவம் பெறுவோர்க்கு ஆளுக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி என வகுக்கப்பட்டது. கேட்பார் இருந்தாலன்றி உதவி வீடு தேடி வாராது. தனியொரு நெசவாளர் எழுதும் மனுவினும் சங்கம் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பும் மனுவுக்கு வலிமை மிகுதி.

சங்கங்கள் செய்யத்தக்க சிறு பணிகளும் உள. மகப்பேறு நெருங்கிய அங்கத்தினர் இல்லங்களுக்கு, பிறந்து 48 மணி நேரம் கழித்துக் குதிகால் குருதிச் சோதனை செய்துகொள்ளுமாறு எடுத்துரைக்கலாம். குறையுடைய பிள்ளை உள்ள வீட்டுக்கு, கிராம் கணக்கில் நிறுக்கும் சிறு தராசு ஒன்று வாங்கித் தரலாம். பள்ளி ஆசிரியரிடமும் சத்துணவுக் கூடத்தாரிடமும் இப்பிள்ளைக்கு முட்டையும் பயறும் கொடுக்கலாகாது என்பதை எழுத்தில் தெரிவிக்கத் துணை நிற்கலாம். விருந்துக்கு அழைக்கும் உறவினர், 'ஒரு நாள் உண்டால் என்ன?' என்று கேட்காமல், அப்பிள்ளைக்கென ஒரு கிண்ணம் ஜவ்வரிசி உணவைச் சமைத்து வைக்கலாம்.

நூல் ஒரு முறை அறுந்தால் முடிந்துகொள்ளலாம். ஒரு போகம் பொய்த்தால் மறு போகம் விதைக்கலாம். குழந்தையின் மூளை வளரும் பருவம் மட்டும் ஒரு முறைதான் வரும். அதனைக் காப்பதற்கு வேண்டியவை உரிய நாளில் ஒரு துளிக் குருதியும், அளந்து வைத்த உணவும், சுற்றத்தாரின் அறிந்த துணையுமே. நம் சங்கத்தார் இதனைத் தத்தம் ஊர்க் கூட்டங்களில் எடுத்துரைப்பார்களாக.